407 கடனும் கனடா ஸ்பொன்சரும்: வீதிக் கட்டணச் சட்டத்தின் பிடி எங்கே இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். முள்ளியவளையிலிருந்து ஓர் ஐயா எழுதியிருக்கிறார். மகளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் பெயரில் 407 என்ற அங்கத்தைய கட்டண நெடுஞ்சாலையில் ஓடிய காசு பதினோராயிரம் டொலருக்கு மேல் நிலுவையாக நிற்கிறதாம். அதில் பாதிக்கு மேல், காரை இரவல் வாங்கி ஓடிய ஒரு நண்பரின் ஓட்டம். இப்போது காரின் இலக்கத்தகட்டைப் புதுப்பிக்க முடியாது என்கிறார்கள். "வங்குரோத்து அடி என்று ஒருவர் சொல்கிறார், இரண்டு வருடம் பேசாமல் இருந்தால் கடன் செத்துப்போகும் என்று இன்னொருவர் சொல்கிறார். கலியாணத்துக்கு வரும்போது கட்டுநாயக்காவில் மறிப்பார்களா? பிள்ளையை ஸ்பொன்சர் செய்யத் தடை வருமா? நாளைக்கு எங்கட நாட்டிலும் இப்படிச் சட்டம் வருமா?"

ஐயா, பயப்படுகிற விடயத்துக்கு முதலில் பதில். கட்டுநாயக்காவில் யாரும் மறிக்கப்போவதில்லை. 407 கடன் இருக்கிறது என்பதற்காக, மனைவியைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதும் இல்லை. ஆனால் அந்த "வங்குரோத்து அடி" என்ற ஆலோசனையை நேரம் பார்க்காமல் செய்தால், அது உங்கள் மகளின் விண்ணப்பத்தை நேரே போய்த் தட்டும். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு வீதியில் காசு கட்டுவது என்றால் முன்னால் ஒரு தடை இருக்க வேண்டும். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபின் புளியங்குளத்தில் இறங்கி, வாகனத்துக்கும் சாமானுக்கும் வரி கட்டித் துண்டு வாங்கிக்கொண்டு போன காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்றைக்குத் தெற்கு அதிவேகப் பாதையிலும் அதே முறைதான்: கட்டினால் தடுப்பு மரம் உயரும், கட்டாவிட்டால் வாகனம் வெளியே போகாது. அங்கே கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

407 இல் அந்த மரமே கிடையாது. 1997 இல் திறந்தபோதே முழுவதும் மின்னணு முறையில் கட்டணம் எடுக்கும் வீதியாகத்தான் கட்டினார்கள். உலகத்தில் அந்த வகையில் அதுதான் முதலாவது. மேலே கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுக்கும், அல்லது கண்ணாடியில் ஒட்டிய ட்ரான்ஸ்பொண்டரை, அதாவது வாகனத்தை அடையாளம் காட்டும் சின்ன மின்னணுக் கருவியை, வாசிக்கும். பில் பிறகு வரும். வேகம் குறைக்காமல் பறக்கலாம். ஆனால் கட்டாதவனை என்ன செய்வது? மரம் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு சட்டம் வேண்டும். அதுதான் ஒன்ராறியோ மாகாணத்தின் 1998 ஆம் ஆண்டு நெடுஞ்சாலை 407 சட்டம். அடுத்த வருடமே மாகாண அரசு அந்த வீதியை 99 வருடக் குத்தகைக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தது, ஏறத்தாழ 3.1 பில்லியன் டொலருக்கு. ஆகவே இன்று அங்கே நடப்பது ஒரு வினோதமான விடயம்: கடன் ஒரு தனியார் கம்பனிக்கு, பிடி அரசாங்கத்தின் கையில்.

அந்தப் பிடி எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். பில் அனுப்பி 35 நாளுக்குள் கட்டவில்லை என்றால் கம்பனி "கட்டத் தவறியமை அறிவித்தல்" ஒன்றை அனுப்பலாம். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 90 நாள் கழிந்தும் கட்டாவிட்டால், மாகாணத்தின் மோட்டார் வாகனப் பதிவாளருக்குத் தகவல் போகும். அதன்பிறகு பதிவாளருக்குத் தன் விருப்பம் என்று ஒன்று இல்லை. அடுத்து வரும் சந்தர்ப்பத்தில் அந்த ஆளின் வாகன அனுமதியை (தகட்டைப் புதுப்பிப்பது என்று சொல்வது இதைத்தான்) புதுப்பிக்க மறுக்க வேண்டும், புதிதாக ஒன்றைக் கொடுக்கவும் மறுக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "இந்தக் காரை விற்றுவிட்டு வேறு கார் எடுத்தால் சரிதானே" என்று பலர் நினைப்பார்கள். சரிவராது. தடை வாகனத்தின் மேல் இல்லை, ஆளின் மேல்.

ஆனால் அந்தத் தடை வாகன அனுமதிக்கு மட்டும்தான். மாப்பிள்ளையின் ஓட்டுநர் லைசன்ஸை 407 சட்டம் தொடுவதில்லை. பொலிஸ் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போவதும் இல்லை, மறியலும் இல்லை. இது சிவில் கடன். கம்பனி வழக்குப் போடலாம், கடன் அறவிடும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். அது கடன் தரப் பதிவில் ஏறினால் வீட்டுக் கடன் எடுக்கும்போது மூக்கில் இடிக்கும். ஒன்ராறியோவில் ஒரு தனியார் கம்பனிக்கு உள்ள சிவில் கடனுக்கும் இலங்கைக் குடிவரவுக் கணினிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் தாராளமாக வந்து தாலி கட்டலாம்.

பொலிஸ் பிரச்சினை வேறு வழியால் வரலாம், அதை மட்டும் அவருக்குச் சொல்லிவையுங்கள். 2022 மார்ச்சில் ஒன்ராறியோ இலக்கத்தகட்டு ஸ்டிக்கரையும் புதுப்பித்தல் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து புதுப்பித்தலே தானாக நடக்கிறது. நிலுவை இருப்பவர்களுக்கு அது தானாக நடக்காது. முன்பு ஸ்டிக்கர் வாங்கப் போகும்போதாவது கவுண்டரில் மறுத்தால் விடயம் தெரியவரும். இப்போது பலர் தங்கள் தகடு காலாவதியாகிவிட்டது என்றே தெரியாமல் ஓடுகிறார்கள். காலாவதியான தகட்டோடு ஓடுவது தனிக் குற்றம், அதற்குத் தண்டப்பணம் வேறு. கட்டணக் கடன் குற்றமில்லைத்தான், ஆனால் அதன் நிழலில் ஒரு குற்றம் காத்துக்கொண்டிருக்கிறது. தகட்டை மறைத்து, கறுப்புப் பிளாஸ்ரிக் ஒட்டி ஓடுகிற கெட்டித்தனத்துக்கும் இதே கதிதான்.

அடுத்தது அந்த நண்பர் ஓடிய ஓட்டம். மனசுக்குக் கஷ்டமான பதில்தான்: சட்டத்துக்கு முன்னால் அந்த நண்பர் இல்லவே இல்லை. தகடு யார் பெயரில் இருக்கிறதோ, ட்ரான்ஸ்பொண்டர் யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்குரிய காரணங்களைச் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது: ஏற்கெனவே கட்டியாயிற்று, தொகை பிழை, வாகனமோ தகடோ ட்ரான்ஸ்பொண்டரோ அந்த நேரத்தில் தொலைந்து அல்லது களவுபோயிருந்தது, பொறுப்பான ஆள் நானில்லை. கடைசிக் காரணத்தைப் பார்த்ததும் "இதோ, நான் ஓடவில்லையே" என்று மகிழக் கூடாது. பொறுப்பான ஆள் என்றால் ஓடியவர் அல்ல, தகட்டுக்காரர். மறுப்பைக் கம்பனி ஏற்காவிட்டால் நடுவர் ஒருவரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் நண்பருக்கு இரவல் கொடுத்தேன் என்ற வாதம் அங்கேயும் எடுபடாது. அந்தக் காசை நண்பரிடம் வாங்குவது அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு. எங்கள் ஆட்களிடையே அது வழக்காகாது, இரண்டு குடும்பம் பேசாமல் போவதில்தான் முடியும். அதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

பதினோராயிரம் எப்படி வந்தது என்று ஆச்சரியப்படாதீர்கள். வட்டி மாதத்துக்கு ஏறக்குறைய 2 வீதம், வட்டிக்கு வட்டி. முதல், அதாவது அசல் தொகை, குறைவாகவும் வட்டி கூடுதலாகவும் இருக்கும் பில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் உடனே செய்ய வேண்டிய வேலை, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் முழுக் கணக்கைக் கேட்டு வாங்குவது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தவணைக்குச் சம்மதிக்க வாய்ப்பு இருக்கிறது. முழுத்தொகையைக் கட்டத் துடிக்கிற ஆளிடம் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அப்புறம், இதற்காக இங்கே காணியை ஈடு வைத்து டொலராக்கி அனுப்பும் யோசனை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

"இரண்டு வருடம் பேசாமல் இரு" என்கிற ஆலோசனைக்கு வருவோம். ஒன்ராறியோவில் சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரை இரண்டு வருடம்தான், அது உண்மை. 407 க்கு அதை அப்படியே பொருத்தினால்தான் பிழைக்கிறது. 2016 இல் இந்தக் கேள்வி ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தகட்டை மறுக்கும் நடைமுறை ஓடி முடிந்து, அதற்கும் அந்த ஆள் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் காலவரை ஓடத் தொடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ட்ரான்ஸ்பொண்டர் ஒப்பந்தத்தில் 15 வருடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவும் செல்லும் என்றது. பேசாமல் இருக்கிறவருக்கு வட்டிதான் வளரும். "கடன் செத்துப்போகும்" என்று சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொல்வது கடனட்டைக் கடனின் கதை.

வங்குரோத்து ஆலோசனைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. உண்மையில் அது கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போன விடயம். ஒரு லொறிச் சாரதிக்கு 407 கடன் ஏறத்தாழ 35,000 டொலர் ஏறிவிட்டது. 2007 இல் வங்குரோத்து அறிவித்து, 2011 இல் விடுவிக்கப்பட்டார். கடன்கள் எல்லாம் தீர்ந்தன, ஆனால் தகட்டை மட்டும் கொடுக்க மறுத்தார்கள். 407 சட்டம் மாகாணச் சட்டம். வங்குரோத்துச் சட்டம் நாடு முழுவதற்குமான மத்திய சட்டம். மத்திய சட்டம் "இந்தக் கடன் தீர்ந்தது" என்கிறது, மாகாணச் சட்டம் "கட்டினால்தான் தகடு" என்கிறது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சாரதியின் பக்கம் நின்றது: வங்குரோத்தில் தீர்ந்த கடனைத் தகட்டைப் பிடித்துவைத்து அறவிட முடியாது, அந்த அளவுக்கு மாகாணச் சட்டத்தின் அந்தப் பிரிவு செயல்படாது. மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எல்லை உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வழக்கு வேறு எனக்குத் தெரியாது. அதிகாரப் பகிர்வு பற்றி எங்கள் ஊரில் நாற்பது வருடமாக மேடை போட்டுப் பேசுகிறோம். அங்கே அது ஒரு லொறிக்காரரின் இலக்கத்தகட்டில் தீர்மானமானது.

சரி, அப்படியென்றால் மாப்பிள்ளையும் வங்குரோத்து அடிக்கலாமே என்பீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். கனடாக் குடிவரவு ஒழுங்குவிதிகளின்படி, வங்குரோத்திலிருந்து இன்னும் விடுவிக்கப்படாத ஒருவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. கடன் இருப்பது தடை இல்லை, கட்டணம் பாக்கி இருப்பது தடை இல்லை. மனைவியை ஸ்பொன்சர் செய்யப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லைகூடக் கிடையாது. ஆனால் "விடுவிக்கப்படாத வங்குரோத்தாளி" என்ற நிலை நேரடித் தடை. முதல்தடவை வங்குரோத்தாகிறவர், மேலதிக வருமானம் (அதற்கென்று வகுத்த எல்லைக்கு மேற்பட்ட வருமானம்) இல்லாவிட்டால், சாதாரணமாக 9 மாதத்தில் விடுவிக்கப்படுவார்; மேலதிக வருமானம் இருந்தால் 21 மாதம். அந்த இடைவெளியில் போட்ட விண்ணப்பம் நிற்காது. கலியாணம் முடித்துப் பிள்ளை இங்கே காத்துக்கொண்டிருக்க, அங்கே அவர் தகட்டுக்காக வங்குரோத்தாகி நிற்பது எவ்வளவு வீண்வேலை என்று யோசியுங்கள்.

பதினோராயிரம் டொலர் மட்டும்தான் கடன் என்றால் வங்குரோத்து வரை போகத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். வேறு கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது என்றால் "நுகர்வோர் முன்மொழிவு" என்று ஒரு வழி இருக்கிறது. உரிமம் பெற்ற வங்குரோத்து நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவர் ஊடாகக் கடன்காரர்களிடம் ஒரு தொகைக்குச் சம்மதம் வாங்கி, கூடியது ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிப்பது. அது வங்குரோத்து அல்ல, ஆகவே மேலே சொன்ன தடைக்குள் வராது. எதற்கும் கையெழுத்துப் போட முன்னர் அந்தப் பொறுப்பாளரிடம் "நான் மனைவியை ஸ்பொன்சர் செய்ய இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கேட்க மாட்டார். அது அவருடைய வேலை இல்லை. இன்னொன்று, நிச்சயதார்த்தத்தை வைத்து ஸ்பொன்சர் செய்ய இப்போது கனடாவில் வழி கிடையாது. கலியாண எழுத்து முடிந்த பிறகுதான் விண்ணப்பம்.

இதற்கிடையில் "407 இலவசமாகிவிட்டதாம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடுகிறது. அரைவாசி உண்மை. 412, 418 என்ற இணைப்பு வீதிகளின் கட்டணத்தை மாகாண அரசு 2022 ஏப்ரலில் எடுத்தது. 407 இன் கிழக்குப் பகுதி, பிக்கரிங்கில் புரொக் வீதியிலிருந்து கிழக்கே போகும் துண்டு, மாகாணத்துக்குச் சொந்தமானது. அதன் கட்டணமும் 2025 ஜூன் 1 இலிருந்து இல்லை. எங்கள் ஆட்கள் நிறைந்த மார்க்கம், பிரம்டன் பக்கத்தால் ஓடுவது குத்தகைக்குப் போன பகுதி. அங்கே கமரா இன்றைக்கும் படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இலவசமாக்கியதால் பழைய நிலுவையும் அழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மற்ற நாட்டு உறவுகளுக்காகவும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி நடக்கிறது, கடுமையும் ஊருக்கு ஊர் மாறும். பென்சில்வேனியாவில் 2022 இல் திருத்திய சட்டப்படி, கட்டாத கட்டணம் நான்கு தடவை சேர்ந்தாலோ 250 டொலரைத் தொட்டாலோ வாகனப் பதிவை இடைநிறுத்தலாம். முன்பு அது ஆறு தடவை, 500 டொலர். டெக்சாஸில் "வழக்கமாகக் கட்டாதவர்" என்று முத்திரை குத்த ஒரு வருடத்துக்குள் நூறு தடவை கட்டாமல் ஓடியிருக்க வேண்டும், இரண்டு அறிவித்தலும் போயிருக்க வேண்டும். நான்குக்கும் நூறுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஒரே நாடு, ஒரே குற்றம். லண்டனில் இருப்பவர்கள் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டார்ட்போர்ட் கடவையைத் தாண்டினால் மறுநாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டும். தவறினால் 70 பவுண் தண்டம், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. சுவிஸில் தலைவலியே இல்லை: வருடத்துக்கு 40 பிராங் வில்லை ஒன்று, அது இல்லாமல் அதிவேகப் பாதையில் பிடிபட்டால் 200 பிராங்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, இங்கே வருமா என்பது. ஏ9 இல் கட்டணம் இல்லை, அதிவேகப் பாதை இன்னும் வன்னிக்கு வரவும் இல்லை. வடக்கே போகும் நோக்கில் தொடங்கிய மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடைப்பட்ட துண்டு 2022 ஜனவரியில் திறந்தது. நாங்கள் கொழும்புக்குப் போகும்போது தொடுகிற முதல் கட்டணப் பாதை அதுதான். அங்கே மரம் இருக்கும்வரை கனடா மாதிரிச் சட்டம் தேவைப்படாது. கட்டாமல் வெளியே போகவே முடியாதே. மரத்தை எடுத்துக் கமராவை வைக்கிற நாளில்தான் "பில்லை யாருக்கு அனுப்புவது, கட்டாவிட்டால் எதைப் பிடிப்பது" என்ற கேள்வி வரும்.

எதைப் பிடிப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. எங்கள் வாகனங்களுக்கு வருடாவருடம் கட்டாயமாகத் தேவைப்படுவது வருமான அனுமதிப்பத்திரம். காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் இல்லாமல் அதை எடுக்க முடியாது என்று ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டணப் பாக்கியையும் அந்த வரிசையில் சேர்ப்பது சுலபம். ஆனால் அதிவேகப் பாதை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கிறது, வருமான அனுமதிப்பத்திரம் மாகாண சபையின் கையில், பிரதேச செயலகங்கள் ஊடாக. கொழும்பின் கடனுக்காக வட மாகாணம் தன் வருமானத்தை மறுக்குமா என்பது அன்றைக்குப் பார்க்க வேண்டிய வேடிக்கை.

எனக்கு அதைவிடக் கவலை வேறு. ஒன்ராறியோவில் தகடு ஆளுக்குச் சொந்தம்: காரை விற்றால் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். இங்கே தகடு வாகனத்தோடு போகும். வன்னியில் எத்தனை வாகனம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் ஓடுகிறது? விற்றவர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்ட திறந்த பத்திரத்தோடு மூன்று கை, நான்கு கை மாறிய லாண்ட்மாஸ்ரரும் வானும் மோட்டார் சைக்கிளும் ஊர் முழுக்க. 2009 இல் வாகனப் பதிவுப் புத்தகம் தொலைந்து அப்படியே விட்டவையும் உண்டு. மோட்டார் சைக்கிள் அதிவேகப் பாதைக்குப் போகாது, விட்டுவிடுவோம். வான் போகும். கமரா வந்த நாளில் பில் போவது, பத்து வருடத்துக்கு முன் வானை விற்று அதை மறந்தே போன ஆளின் வீட்டுக்கு. கட்டணம் வராவிட்டாலும் விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் தேடுவது அதே ஆளைத்தான். உங்கள் பெயரில் விற்ற வாகனம் ஏதாவது அப்படிக் கிடந்தால், மாப்பிள்ளையின் பில்லுக்குக் காத்திராமல், வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு போய் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பெயரை மாற்றிவிடுங்கள். வாங்கியவர் நாட்டில் இல்லை என்றால், விற்றதற்கான பத்திரத்தின் பிரதியோடு திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.